மொட்டை மாடி டிஷ்: சந்தா கட்டாமல் டிவி (வாசகர் கேள்வி – பதில்)

கே: கேபிளை நிறுத்திவிட்டோம். மாடியில் பழைய டாடா ஸ்கை டிஷ் சும்மா நிற்கிறது. அதிலேயே டிடி ஃப்ரீ டிஷ் பார்க்க முடியுமா? கடையில் முழு செட்டும் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், காட்பாடி

ப: முழு செட் வேண்டாம். டிஷ், கம்பம், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிய கையில் இருக்கும், சிக்னலை வாங்கும் சின்னக் கருவி) மூன்றும் அப்படியே உதவும். ஃப்ரீ டிஷ் பாக்ஸ் மட்டும் வாங்குங்கள். வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) பாக்ஸாகக் கேளுங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸில் சில சேனல்கள் வரவே வராது. டாடா பாக்ஸை இதற்கு மாற்றிக்கொள்ளும் வித்தை எதுவும் இல்லை.

வேலை இருப்பது டிஷ்ஷைத் திருப்புவதில்தான். டாடாவின் செயற்கைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 83 டிகிரியில் இருக்கின்றன. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-15 வழியாக. பத்தரை டிகிரிதானே என்று லேசாகத் தட்டிவிட்டால் சிக்னல் கிடைக்காது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் செயற்கைக்கோள்கள் கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்கின்றன. அங்கே சின்ன நகர்வு, இங்கே திசைகாட்டியில் பெரிய நகர்வாகிவிடும். வேலூரிலிருந்து டாடாவுக்குத் திசை (வடக்கை 0 என்று வைத்து வலப்பக்கமாக எண்ணினால்) சுமார் 163 டிகிரி, உயரக்கோணம் (அடிவானத்திலிருந்து மேலே நிமிரும் கோணம்) 74. ஃப்ரீ டிஷ்ஷுக்குத் திசை 131, உயரக்கோணம் 67.5. அதாவது கிழக்குப் பக்கமாக 32 டிகிரி திருப்பி, 6, 7 டிகிரி தாழ்த்த வேண்டும். வீட்டில் இருப்பது ஏர்டெல் டிஷ் என்றால் நேர் எதிர்: அது 112-ஐப் பார்த்து 53-இல் நிற்கும், தெற்கே 19 டிகிரி திருப்பி, 14 டிகிரி நிமிர்த்த வேண்டும். குடியாத்தம், ஆரணி, ராணிப்பேட்டைக்கும் இதே கணக்குப் போதும்.

முதலில் கம்பம் நெட்டுக்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் மேலே சொன்ன எண்கள் எதற்கும் அர்த்தமில்லை. திசையை செல்போன் காம்பஸில் பார்க்கலாம். ஆனால் கம்பத்தை ஒட்டி நின்று பார்க்காதீர்கள், இரும்பு முள்ளை இழுத்துவிடும். நாலு அடி தள்ளி நின்று 131-இல் தெரியும் ஒரு தென்னையையோ டேங்க்கையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பாக்ஸில் மேனுவல் ஸ்கேன் பக்கத்தைத் திறந்து அலைவரிசை 11090, போலரைசேஷன் வெர்டிகல், சிம்பல் ரேட் 29500 என்று போடுங்கள். எல்என்பி வகை யுனிவர்சல், 9750/10600. அங்கே இரண்டு கோடுகள் தெரியும். ஸ்ட்ரெங்த் கோடு எழும்பினால் கேபிளும் எல்என்பியும் உயிரோடு இருக்கின்றன என்றுதான் பொருள். அதைப் பார்த்து ஏமாறுபவர்கள்தான் அதிகம். நமக்கு வேண்டியது குவாலிட்டி கோடு. ஸ்ட்ரெங்த் 80, குவாலிட்டி 0 என்றால் டிஷ் வெறும் வானத்தையோ வேறு செயற்கைக்கோளையோ பார்த்துக்கொண்டிருக்கிறது.

மாடியில் ஒருவர், டிவி முன்னால் ஒருவர், நடுவில் வீடியோ கால். உயரக்கோணத்தை வைத்து நட்டை அரைகுறையாக இறுக்கிவிட்டு, டிஷ்ஷை விரல்கடை அளவு பக்கவாட்டில் நகர்த்தி, மூன்று விநாடி நில்லுங்கள். பாக்ஸ் உடனே காட்டாது. அவசரப்பட்டு ஒரே வீச்சில் திருப்பினால் சிக்னலைத் தாண்டிப் போய்விடுவீர்கள். 120-லிருந்து 140 வரை போயும் ஒன்றும் வராவிட்டால் ஒரு டிகிரி ஏற்றி, மறுபடி முதலிலிருந்து. குவாலிட்டி வந்ததும் எல்என்பியை அதன் பிடிக்குள்ளேயே இருபக்கமும் மெதுவாகத் திருகிப் பார்த்து, அதிகம் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். டாடாவுக்கு வைத்த கோணமே இதற்கும் சரியாக அமையும் என்று சொல்ல முடியாது. நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே நட்டை முழுசாக இறுக்கினால் டிஷ் நகர்ந்து, பட்ட பாடெல்லாம் வீண்.

கே: எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே மலை. டிஷ் வைத்தால் மறைக்காதா?
– வாசகி, சத்துவாச்சாரி

ப: மலை மறைக்காது. சிக்னல் 67 டிகிரி சரிவில் மேலிருந்து இறங்குகிறது; அந்த அளவு செங்குத்தான பாறைக்கு அடியிலேயே வீடு இருந்தாலொழியக் கவலையில்லை. ஆனால் பக்கத்து வீட்டு முருங்கை மறைக்கும். கணக்கு இதுதான்: டிஷ்ஷுக்கு மேலே 10 அடி உயர்ந்து நிற்கும் எதுவும், தென்கிழக்கில் 4 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். இலை நனைந்தால் இன்னும் மோசம். சன்ஷேடுக்குக் கீழே, பால்கனிக்குள்ளே டிஷ் மாட்டி ஏமாறுவதும் இதனால்தான். டிஷ்ஷின் முகம் தெருவைப் பார்ப்பது போலத் தெரியும், ஆனால் சிக்னல் வருவது அதற்குச் சுமார் 25 டிகிரி மேலிருந்து.

கே: சன் டிவி, விஜய் டிவி சீரியல் எல்லாம் வருமா?
– வாசகி, ஆம்பூர்

ப: வராது. அவை கட்டணச் சேனல்கள். தமிழுக்கு நிச்சயமாக இருப்பது டிடி தமிழ், 2024 ஜனவரி வரை பொதிகை என்று இருந்ததுதான். மற்றபடி இந்தி அதிகம். வீட்டில் சீரியல் பார்ப்பவர்களைக் கேட்காமல் கேபிளை வெட்டிவிடாதீர்கள். தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் எடுத்து வருபவை என்பதால் பட்டியல் மாறும், குறிப்பாக ஏப்ரலில். ஒரு சேனல் திடீரென்று காணாமல் போனால் டிஷ்ஷைத் தொடாதீர்கள், ஆட்டோ ஸ்கேன் போட்டுப் பாருங்கள்.

கே: பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்ஷில் டிடி ஸ்போர்ட்ஸில் இந்தியா ஆடும் மேட்ச் ஓடுகிறது. எங்கள் கேபிளில் அதே சேனலில் வேறு ஏதோ ஓடுகிறது. ஏன்?
– வாசகர், ஆற்காடு

ப: 2007-இல் வந்த சட்டப்படி, தேச முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவித்த போட்டிகளின் ஒளிபரப்பை, உரிமை வாங்கிய தனியார் நிறுவனம், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். ஆனால் அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான், கேபிளுக்கோ, டாடா, ஏர்டெல் போன்ற தனியார் டிடிஎச்-சுக்கோ போகக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. அதனால் காசு கட்டுகிறவருக்கு மேட்ச் இல்லை, கட்டாதவருக்கு உண்டு! இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. ஐபிஎல் கிடையாது.

கே: மழை வந்தால் படம் போய்விடுகிறது. விட்டபிறகும் மறுநாள்வரை வருவதில்லை. பாக்ஸ் மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஆரணி

ப: இதில் இரண்டு கோளாறு கலந்திருக்கிறது. கனமழையில் படம் போவது இயற்கை, மேகம் கலைந்ததும் தானே வரும். 60 செ.மீ. டிஷ்ஷுக்குப் பதில் 90 போட்டால் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகும், தாக்குப்பிடிக்கும். காற்றும் அந்த அளவுக்குத் தள்ளும் என்பதால் கம்பத்தைக் கெட்டியாக நட வேண்டும்.

மறுநாள்வரை வராததற்குக் காரணம் இணைப்பில் தண்ணீர். பாக்ஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எல்என்பியில் திருகியிருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றுங்கள். நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் கேபிளுக்குள்ளும் ஈரம் ஏறியிருக்கிறது. உள்ளே வலைக்கம்பி வெள்ளையாகத் தெரியும் இடம்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி 2, 3 மி.மீ. நீண்டால் போதும். வலைக்கம்பியின் ஒரு இழைகூட அதைத் தொடக்கூடாது, தொட்டால் ஷார்ட். எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஆர்ஜி-6 கேபிள் ஒரே துண்டாக இருக்கட்டும், நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு வேண்டாம்.

கே: போன வருடம் மார்ச்சில் நல்ல வெயிலில், காலை 11 மணிக்கு மேல் கொஞ்ச நேரம் படம் உறைந்தது. நாலைந்து நாள் அப்படியே. பிறகு சரியாகிவிட்டது. என்ன கோளாறு?
– வாசகர், வாலாஜாபேட்டை

ப: கோளாறே இல்லை. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வரும். சூரியனின் ரேடியோ இரைச்சலில் சிக்னல் அமுங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களில் ஸ்பானரோடு மாடி ஏறி எதையும் திருப்பிவைக்காமல் இருந்தால் சரி.

கே: டிஷ் இல்லாமல் போனிலேயே பார்க்க வழி?
– வாசகி, ராணிப்பேட்டை

ப: பிரசார் பாரதியின் வேவ்ஸ் ஆப்பில் தூர்தர்ஷன் சேனல்கள் நேரலையாக வருகின்றன. தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலவும் யூடியூபில் நாள் முழுதும் ஓடுகின்றன. டேட்டாவைக் கவனியுங்கள்: நொடிக்கு 2.5 மெகாபிட் ஓடினால் மணிக்கு 1.1 ஜிபி. தினம் ஒன்றரை ஜிபி பிளானில் அது ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. தரத்தை 480-க்கு இறக்கிவைத்தால் இன்னும் நீளும்.