மோர்கோவ் ஜெயித்தது என்ன? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சைக்கிள் வீரர் மார்க் கேவண்டிஷ் 2024-ல் தன் 35-வது டூர் டி பிரான்ஸ் கட்டத்தை (பல நாள் நடக்கும் அந்தச் சாலைப் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டத்தை) வென்றது பற்றிய உங்கள் குறிப்பில், அவருக்குத் துணையாக ஓட்டிய டென்மார்க்கின் மிக்கேல் மோர்கோவை 'மேதை' என்றிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். டூரில் அவர் ஒரு கட்டம்கூட ஜெயித்ததில்லை. அடுத்தவருக்காக எதிர்க்காற்றைத் தான் தாங்கிக்கொண்டு முன்னால் ஓட்டியவரை அப்படிச் சொல்வது கொஞ்சம் அதிகம் இல்லையா?

க.

அன்புள்ள க.,

டூரில் மட்டும் தேடினால் அப்படித்தான் தெரியும். அவர் வெலோட்ரோம் ஆள்; அதாவது, ஓரங்கள் சரிவாக உயரும் வட்ட சைக்கிள் தடத்தில் வளர்ந்தவர்.

அங்கே நடக்கும் மாடிசன் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? இருவர் ஓர் அணி. ஒருவர் பந்தயத்தில் இருக்கும்போது மற்றவர் சரிவின் மேலே மெதுவாகச் சுற்றுவார். முறை மாறும்போது, பந்தயத்தில் ஓட்டி வந்தவர் இறங்கி வரும் கூட்டாளியின் கையைப் பிடித்து முன்னால் வீசிவிட வேண்டும். வண்டிகளில் பிரேக் கிடையாது, கியரும் மாற்ற முடியாது. சுற்றிலும் எல்லா அணிகளும் இதையே செய்துகொண்டிருக்கும். முதல்முறை பார்ப்பவருக்குக் கோயம்பேடு சந்தை மாதிரிதான் இருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 சுற்று, 50 கிலோமீட்டர், பத்துச் சுற்றுக்கு ஒருமுறை புள்ளிகளுக்கான ஸ்பிரிண்ட் (முழுவேகப் பாய்ச்சல்). மோர்கோவும் லாஸ்ஸ நோர்மன் ஹான்சனும் 43 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றார்கள். பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் 40. அப்போது மோர்கோவுக்கு வயது 36. அவர் ஓட்டிய டூர் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அந்த நெரிசலில் எங்கே இடைவெளி திறக்கும், கூட்டாளி எங்கே இருப்பான் என்று திரும்பாமலே தெரிய வேண்டும். சாலையில் கேவண்டிஷுக்கு அவர் செய்துகொடுத்தது இதே வேலைதான். 2021-ல் கார்கஸோனில் கேவண்டிஷ் 34-வது கட்டத்தை வென்று, டூரில் அதிகக் கட்டங்கள் வென்ற எடி மெர்க்ஸின் சாதனையைத் தொட்டார். இழுத்துக் கொண்டுவந்துவிட்ட மோர்கோவ் அன்று இரண்டாமிடம்! வழக்கமாக லீட்-அவுட் ஆள், அதாவது கடைசிப் பாய்ச்சலுக்கு முன்னால் இழுத்துக் கொண்டுவந்து விடுபவர், வேலை முடிந்ததும் பின்னால் போய்விடுவார்.

சாலையில் அவருக்கென்று ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2013-ல் ஸ்பெயினின் பெரிய சாலைப் பந்தயமான வுவெல்டாவில் காசெரெஸ் கட்டம் அவருடையது. ஆனால் நாள் முழுக்கத் தனியாக ஓட்டிக் கடைசிச் சில மீட்டரில் பிடிபட்ட டோனி மார்ட்டினைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கும் அப்படியே.

வெற்றிக் கணக்குதான் வேண்டுமென்றால்: 2008 பெய்ஜிங்கில் அணித் துரத்தல் (நால்வர் அணியாக ஓட்டும் வெலோட்ரோம் பந்தயம்) வெள்ளி, டோக்கியோ தங்கம், 2024 பாரிஸில் 39 வயதில் நிக்லாஸ் லார்சனுடன் மாடிசன் வெண்கலம். 2009, 2020, 2021-ல் மாடிசன் உலகப் பட்டங்கள். 'மேதை' என்ற சொல்லை நான் திரும்பப் பெறுவதாக இல்லை.