ராணுவப் பதிவேட்டில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் தவறாக இருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு திருத்த முடியுமா?

முடியும். மனைவியின் பெயர், பிறந்த தேதி, பிள்ளைகளின் விவரம் எல்லாவற்றையும் ஓய்வுக்குப் பிறகும் திருத்தலாம். உங்கள் சொந்தப் பிறந்த தேதி மட்டும் வேறு விஷயம், அதைக் கீழே சொல்கிறேன். இந்தப் பதில் தரைப்படையில் அதிகாரி நிலைக்குக் கீழுள்ள ஜவான், என்.சி.ஓ. (நாயக், ஹவில்தார்), ஜே.சி.ஓ. (சுபேதார் போன்றோர்) ஆகியோருக்கானது. அதிகாரிகளின் ஆவணங்கள் டெல்லி ராணுவத் தலைமையகத்தில் இருக்கும்.

எங்கே தொடங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வங்கிக்குப் போகிறார்கள், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் பாலிகிளினிக்கில் கேட்கிறார்கள், ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் தளத்தில் புகார் போடுகிறார்கள். மூலப் பதிவு இவர்கள் யாரிடமும் கிடையாது. அது உங்கள் ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீஸில், ஷீட் ரோல் என்ற உங்கள் சேவைப் பதிவில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை), ஸ்பர்ஷ் கணக்கு எல்லாமே அதைப் பார்த்து எழுதப்பட்டவை. ஷீட் ரோலில் பிழை இருக்கும்வரை மற்ற இடங்களில் செய்யும் திருத்தம் நிலைக்காது.

ஆகவே முதல் வேலை, ஷீட் ரோலில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து, உங்கள் ஷீட் ரோலின் நகலையும், திருமணம், பிள்ளைகள் தொடர்பாக வெளியான பார்ட் 2 ஆர்டர்களின் (சொந்த விவர மாற்றங்களைப் பதிவில் ஏற்றும் ஆணைகள்) நகலையும் கேளுங்கள். உங்களைப் பற்றிய ஆவணத்தை நீங்களே கேட்பதால் மறுக்க அநேகமாகக் காரணம் இருக்காது. இந்த நகல் கைக்கு வந்தால் பாதி வழி தெளிந்துவிடும். ஷீட் ரோலில் சரியாக இருந்து பி.பி.ஓ.வில் மட்டும் பிழை என்றால் அது வெறும் எழுத்துப் பிழை, சுலபமாகத் தீரும். ஷீட் ரோலிலேயே பிழை என்றால் பிரமாணப் பத்திரம் முதல் எல்லாம் தேவைப்படும். ஷீட் ரோல் சரி, ஆதார்தான் தவறு என்றால் ஆதாரைத் திருத்துங்கள். ஆனால் கவனம்: ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். அவசரப்பட்டு அந்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம்.

தமிழ்ப் பெயர்களில் சிக்கல் பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில்தான். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நடுவில் கே.எஸ்.எச். போட்டு எழுதலாம், எக்ஸ் போட்டு எழுதலாம், டி.சி.எச். போட்டும் எழுதலாம். ஜவான் வாயால் சொன்னதை யூனிட் கிளார்க் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஊரில் அழைக்கும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று. கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் இனிஷியல், பின் கணவர் பெயரின் இனிஷியல். எனவே விண்ணப்பிக்கும் முன் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரு எழுத்து, ஒரு புள்ளி மாறாமல் கொண்டு வந்துவிடுங்கள். மூன்றும் மூன்று விதமாக இருக்கும்போது அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

அனுப்பும் இடம் தவறினாலும் காலம் போகும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் குன்னூரை அடுத்த வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். ஓய்வுக்குப் பின் டி.எஸ்.சி.யில், அதாவது ராணுவ நிலையங்களைக் காக்கும் படையில், சேர்ந்து மீண்டும் வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு இடத்தில் பதிவு இருக்கும்: பழைய ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ், கண்ணூரில் உள்ள டி.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ். இரண்டு பென்ஷன் வாங்குபவர் இரண்டுக்கும் தனித்தனியே எழுத வேண்டும். ஒன்றை மட்டும் திருத்தினால், பிற்காலத்தில் மனைவிக்கு ஒரு பென்ஷன் வந்து மற்றது நின்றுபோகலாம்.

விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதி, தலைமைப் பதிவு அதிகாரிக்கு அனுப்புங்கள். ஆர்மி நம்பரை அதன் கடைசி எழுத்தோடு முழுமையாகப் போடுங்கள். அந்த எழுத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, பி.பி.ஓ. எண், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றுக்குப் பின், "பதிவில் இப்போது உள்ளது", "இருக்க வேண்டியது" என்று இரண்டு கட்டங்களில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., இருவரின் ஆதார், பான், மனைவியின் பள்ளிச் சான்று ஆகியவற்றின் நகல்களையும், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படத்தையும் இணைக்க வேண்டும். கோயிலில் நடந்த பழைய திருமணம், பதிவே செய்யவில்லை என்றால், இந்து திருமணச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதியலாம். அந்தச் சான்று கையில் இருந்தால் பல கேள்விகள் எழாது.

பிரமாணப் பத்திரம்தான் இதில் முக்கியம். நோட்டரி கையெழுத்து போதும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன் உறுதியளித்ததைத்தான் கேட்கும் ரெக்கார்ட் ஆபீஸ்களும் உண்டு. முதலிலேயே நடுவரிடம் போவது நல்லது. அதில் பதிவிலுள்ள பெயர், சரியான பெயர், இரண்டும் ஒரே நபரையே குறிக்கின்றன என்ற வாசகம், மனைவியின் பிறந்த தேதி, திருமணத் தேதி எல்லாம் வர வேண்டும். முத்திரையின் ஒரு பாதி ஒட்டிய புகைப்படத்திலும் மறுபாதி தாளிலுமாக விழ வேண்டும். ஓரிரு எழுத்துப் பிழைக்கு இது போதும். பெயரே முழுதாக மாறுகிறது என்றால் ஒரு ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம், சில நேரம் அரசிதழ் அறிவிப்பும் கேட்பார்கள்.

இந்தக் கட்டைத் தபாலில் சேர்க்கும் முன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், அதாவது நம்மவர்கள் சைனிக் போர்டு என்று சொல்லும் இடத்தில், காட்டி மேலொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. எந்த ரெக்கார்ட்ஸ் எந்தப் படிவம் கேட்கிறது என்பதும் அங்கே தெரிந்திருக்கும். தரகரிடம் பணம் கொடுக்க இதில் எந்த அவசியமும் இல்லை. அசல் டிஸ்சார்ஜ் புக்கை ரெக்கார்ட் ஆபீஸ் எழுத்தில் கேட்டால் மட்டும் அனுப்புங்கள். அதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுக்கொண்டால் ரெக்கார்ட் ஆபீஸ் ஒரு பார்ட் 2 ஆர்டர் வெளியிடும். பலர் அதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அதன் அடிப்படையில் திருத்திய பி.பி.ஓ. வர வேண்டும், அது ஸ்பர்ஷ் கணக்கில் ஏற வேண்டும். பார்ட் 2 ஆர்டரின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிறகு ஸ்பர்ஷில் நுழைந்து குடும்ப விவரப் பக்கத்தை நீங்களே பாருங்கள். அங்கே பெயர், பிறந்த தேதி இரண்டும் மாறிய பிறகு இ.சி.எச்.எஸ். அட்டைக்குப் போகலாம்.

மனைவியின் பிறந்த தேதியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் 100 சதவீதம். பழைய பி.பி.ஓ.க்கள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இல்லை. தேதி இல்லாவிட்டால் அந்தக் கூடுதல் தொகை தானாக வராது.

இனி உங்கள் சொந்தப் பிறந்த தேதி. படையில் சேரும்போது பதிந்த தேதியே கடைசிவரை நிற்கும். சேவையின் இறுதிக் கட்டத்தில் கேட்கும் மாற்றத்தை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை, ஓய்வுக்குப் பின் சொல்லவே வேண்டாம். தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே. சிங்குக்கே பள்ளிச் சான்றில் 1951, தேர்வு விண்ணப்பத்தில் 1950 என்று ஓராண்டு வேறுபாடு இருந்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், மனுவைத் திரும்பப் பெற்றார். ஷீட் ரோலிலிருந்து எடுத்து எழுதும்போது நேர்ந்த பிழையை மட்டும் திருத்தக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. முதல் மனைவியின் பெயர் இருக்கும் இடத்தில் இரண்டாம் மனைவியின் பெயரைப் "பெயர் திருத்தம்" என்று கொண்டுவர நினைக்காதீர்கள். அதற்கு முதல் மனைவியின் இறப்புச் சான்றோ விவாகரத்துத் தீர்ப்போ வேண்டும். பொய்ப் பிரமாணப் பத்திரம் குற்றம், கடைசியில் அந்தப் பெண்ணுக்குத்தான் பென்ஷன் கிடைக்காமல் போகும்.

இந்த வேலையைத் தயவுசெய்து நீங்கள் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இப்போது உங்கள் ஒரு கையெழுத்தில் நிற்கும் உண்மையை, உங்களுக்குப் பின் உங்கள் மனைவி இறப்புச் சான்று, தாசில்தாரின் வாரிசுச் சான்று, வருவாய்த் துறை விசாரணை என்று அலைந்து நிரூபிக்க வேண்டியிருக்கும். அதுவும் மாத வருமானம் நின்ற நிலையில். அப்படி ஏற்கெனவே வருமானம் நின்றுபோன பெண்களும் முதலில் சைனிக் போர்டுக்கே போகட்டும், அங்கிருந்து ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுவார்கள்.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள் இன்னும் விரைய வேண்டும். அவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவார்கள், லாங் ரோல் என்ற பதிவேட்டில் உள்ள சுருக்கக் குறிப்பு மட்டுமே மிஞ்சும்.

ரெக்கார்ட் ஆபீஸ் எழுத்துமூலம் மறுத்தால் ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 6 மாதத்துக்குள் மனு போடலாம். பதிலே வராவிட்டால், முறையீடு கொடுத்து 6 மாதம் கடந்தபின் போகலாம். அந்தத் தேதியைக் காட்டத் தபால் ரசீது வேண்டும், ஆகவே ஸ்பீட் போஸ்டில் மட்டும் அனுப்பி, ரசீதை விண்ணப்ப நகலோடு தைத்து வையுங்கள்.