Re: நைசியாவுல ஓட்டு போட்டு பைபிளை முடிவு பண்ணாங்கன்னு சொல்லி மாமாகிட்ட மாட்டிக்கிட்டேன்

ப்ரோ, நானும் நம்பிக்கை இல்லாத ஆளுதான், ஆனா நைசியாவுல பைபிளை ஓட்டு போட்டு முடிவு பண்ணலன்னு உங்க மாமா சொல்றதுதான் கரெக்ட். 325ல நைசியாவுல நடந்த பிஷப்புகள் கூட்டத்துல சண்டையே, இயேசு பிதாவுக்குச் சமம் இல்லன்னு சொன்ன ஆரியஸோட கொள்கை பத்தியும் ஈஸ்டர் தேதி பத்தியும்தான், அங்க போட்ட 20 விதியில எந்தப் புத்தகம் வேதம்னு ஒரு வரி கூட கிடையாது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அங்க ஓட்டு வெச்சு பைபிளை முடிவு பண்ணாருங்கிற கதையை விட்டுடுங்க, வாட்ஸ்அப் சரக்கு அது.

அதுக்கு பதிலா மாமாகிட்ட இதைக் கேளுங்க. இப்ப புதிய ஏற்பாட்டுல இருக்கிற அதே 27 புத்தகம் அடங்கின லிஸ்ட் நமக்கு முதல்ல கிடைக்கிறது 367ல அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியஸ் எழுதின ஈஸ்டர் கடிதத்துலதான், அதாவது இயேசு காலத்துக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு. லண்டன்ல இருக்கிற சினாய் கையெழுத்துப் பிரதி (பழைய கிரேக்க பைபிள்) 4ஆம் நூற்றாண்டு, அதுல இப்ப பைபிள்ல இல்லாத பர்னபா நிருபம், ஹெர்மாஸின் மேய்ப்பன் ரெண்டும் புதிய ஏற்பாட்டோட சேர்த்தே இருக்கு, இப்ப 20 வசனம் வரைக்கும் போற மாற்கு 16ஆம் அதிகாரம் அதுல 8ஆம் வசனத்தோட முடிஞ்சிடுது, பெண்கள் பயந்து ஓடுறாங்க, அவ்ளோதான்!

இன்னொண்ணு, மாமா வீட்டு பழைய தமிழ் பைபிள்லயே 1 யோவான் 5:7 எடுத்துப் பாருங்க, "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" மூணும் ஒண்ணுன்னு இருக்கும். பழைய கிரேக்கப் பிரதிகள்ல அந்த வரி இல்ல. எராஸ்மஸ்ங்கிற அறிஞர் 1516ல கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சு போட்டப்ப அதை சேர்க்கவே இல்ல, எதிர்ப்பு கிளம்பினதும் 1522 பதிப்புல சேர்த்தாரு. அது எப்படி உள்ள வந்துச்சுன்னு கேளுங்க, ஆனா சாப்பாடு முடிஞ்சப்புறம் கேளுங்க ப்ரோ.