பவுலின் நீண்ட வாக்கியமும் மாற்குவின் அவசரமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் புது ஆங்கில பைபிள் ஒன்று வாங்கி அனுப்பினாள். பவுலின் எபேசியர் நிருபத்தில் முதல் அதிகாரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கிங் ஜேம்ஸில் அப்படி இல்லையே, இது சரியா? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: வெட்டாமல் முடியாதம்மா. 3-ஆம் வசனத்தில் தொடங்கி 14-ஆம் வசனம் வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம், 200 சொற்களுக்கு மேல். கிரேக்கத்தில் எந்தச் சொல் எதோடு சேரும் என்பதைச் சொல்லின் ஈறே காட்டிவிடும் என்பதால் எவ்வளவு நீட்டினாலும் தாங்கும். ஆங்கிலத்தில் சொல் நிற்கிற இடத்தை வைத்துத்தான் பொருள், ரொம்ப நீட்டினால் குழப்பம்தான். நீங்கள் சொல்லும் கிங் ஜேம்ஸையே, 1611-இல் வந்த அந்த ஆங்கில மொழிபெயர்ப்பையே எடுத்துப் பாருங்கள், இன்று அச்சில் இருக்கும் பதிப்பில் 6-ஆம் வசனத்தில் ஒரு முற்றுப்புள்ளி, 12-இல் ஒன்று என்று மூன்றாக உடைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். நம் பழைய தமிழ் வேதாகமம் 3-ஆம் வசனத்திலேயே ஒரு வாக்கியத்தை முடித்துவிடும். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது; வசன எண் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டது. ஆக, வெட்டியது குற்றமில்லை. ஆனால் ‘அவருக்குள்’, ‘அவருக்குள்’ என்று திரும்பத் திரும்ப வந்துதான் அந்த நீள வாக்கியம் கோத்து நிற்கிறது, வெட்டுகிற சாக்கில் அதையும் உதிர்த்துவிட்டால் நானும் உங்களோடு சேர்ந்து சண்டைக்கு வருவேன்.

கேள்வி: மாற்கு சுவிசேஷத்தில் பழைய ஆங்கிலத்தில் வரிக்கு வரி ‘அண்ட்’. புதியதில் பாதியைக் காணோம். ஏன் தூக்கிவிட்டார்கள்? (வாசகர், குளச்சல்)

பதில்: உங்கள் கடற்கரையில் ஒருவர் கதை சொன்னால் எப்படிச் சொல்வார்? “நேத்து வள்ளத்துல நிக்கேன், அந்தானிக்கு காத்து வருது, வலை அறுந்து போவுது...” நடந்தது நேற்று, சொல்வது நிகழ்காலத்தில். மாற்குவும் அப்படித்தான். ‘அப்புறம், அப்புறம்’ என்று கோத்துக்கொண்டே போவார், பழைய சம்பவத்துக்கு நிகழ்கால வினை போடுவார், ‘உடனே’ என்ற சொல் மட்டும் சுமார் 40 இடத்தில் வரும். நல்ல ஆங்கில நடை வேண்டும் என்று ‘அண்ட்’டை எடுத்து, வினையை எல்லாம் இறந்தகாலமாக்கினால் வாசிக்கச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்ன ஆளை நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை. கதை சொல்கிற ஆங்கிலேயனும் நிகழ்காலத்தில் சொல்வான், அதைப் பயன்படுத்தியிருக்கலாம்.

கேள்வி: வேதத்தைப் பேச்சு மொழியில் கொண்டுவந்தால் மரியாதை போய்விடாதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடி)

பதில்: ஐயா, மூலமே பெரும்பாலும் சாதாரண மொழிதான். புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் தனி வகை, பரிசுத்த மொழி என்றே முன்பு பலர் நினைத்தார்கள். 1896 முதல் எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் குப்பை மேடுகளைக் கிரென்ஃபெல், ஹண்ட் இருவரும் தோண்டியபோது வரி ரசீது, கடிதம், கணக்கு என்று பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதியவை குவியலாகக் கிடைத்தன. அந்த மாதிரி ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்த அடால்ஃப் டைஸ்மன் என்ற ஜெர்மானிய அறிஞர், இது அன்றைய சாமானியர் பேசி எழுதிய மொழிதான் என்று காட்டினார்.

ஆனால் எல்லாப் புத்தகமும் அப்படி என்று சொல்லிவிடாதீர்கள். எபிரெயர் நிருபத்தின் முதல் வசனத்தில் ‘ப’ ஓசையில் தொடங்கும் சொற்கள் ஐந்து, நம் மோனை மாதிரியே. அது படித்தவர் மெனக்கெட்டு எழுதிய நடை. எளிமையாக்குகிறேன் என்று மாற்குவையும் எபிரெயரையும் ஒரே செய்தித்தாள் நடையில் போடுவதைத்தான் நான் குறை சொல்வேன்.

கேள்வி: ஒரே ஒரு ஆங்கில மொழிபெயர்ப்பு வாங்கினால் எது? (கல்லூரி மாணவி, தக்கலை)

பதில்: ஒன்று போதாது. மூலத்தை ஒட்டிப் போகும் இஎஸ்வி (இங்கிலிஷ் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) ஒன்று, இயல்பான நடைக்கு என்எல்டி (நியூ லிவிங் டிரான்ஸ்லேஷன்) ஒன்று. இரண்டிலும் ஒரே அதிகாரத்தைச் சத்தம் போட்டு வாசியுங்கள், எங்கே வேறுபடுகிறதோ அங்கே கிரேக்கத்தில் ஏதோ சிக்கல் இருக்க வாய்ப்பு உண்டு.