வாசகர் கேள்வி: போலீஸ் வண்டி இடித்தால் யாரைக் கேட்பது?

கேள்வி: எங்கள் தெரு ஒருவழிப் பாதை. தினமும் காலையில் ஒரு போலீஸ் ஜீப் எதிர்த்திசையில் வேகமாக வருகிறது. சைரனும் இல்லை, விளக்கும் இல்லை. பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் நேரம் அது. கேட்டால் "டூட்டிம்மா" என்கிறார்கள். அவர்களுக்கு அப்படி வர அனுமதி உண்டா?
(ஒரு வாசகி, புறநகர்ப் பகுதியிலிருந்து)

பதில்: சலுகை உண்டு, ஆனால் அது டூட்டிக்கு இல்லை, அவசரத்துக்கு. 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளைப் படித்துப் பாருங்கள். உயிரைக் காப்பாற்றுவது மாதிரியான கடும் அவசரத்தில் போகும் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் வண்டி ஆகியவை சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம், ஒருவழிப் பாதையில் எதிரேயும் வரலாம். அதற்குச் சைரனும் விளக்கும் போட்டிருக்க வேண்டும், மற்றவர்கள் மீது கவனத்தோடு ஓட்டவும் வேண்டும். அவசரம் இல்லாதபோது சைரன் போடுவதே தப்பு. காலை ரவுண்ட்ஸ் எந்த வகையிலும் அவசரம் ஆகாது.

மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆவது பிரிவு ஆபத்தான ஓட்டுதலைப் பற்றியது. எதிர்த்திசையில் வருவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கையில் செல்போனோடு ஓட்டுவது எல்லாம் அதில் வரும். முதல் தடவைக்கே 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும் விதிக்கலாம். பலருக்குத் தெரியாத பிரிவு இன்னொன்று இருக்கிறது, 210பி. 2019 திருத்தத்தில் சேர்த்தது. இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவரே அதை மீறினால் தண்டனை இரண்டு மடங்கு. அடுத்தவருக்குச் சலான் போடுகிறவர் கூடுதலாகப் பதில் சொல்ல வேண்டும் என்று பாராளுமன்றமே எழுதி வைத்திருக்கிறது, அதைத் தைரியமாகச் சுட்டிக்காட்டுங்கள்.

வண்டி எண், தேதி, நேரம், படம் இவற்றோடு போக்குவரத்து துணை கமிஷனருக்கு (மாவட்டமாக இருந்தால் எஸ்.பி.க்கு) பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். நடுரோட்டில் நின்று வீடியோ எடுக்க வேண்டாம், மாடியிலிருந்தோ கேட்டுக்கு உள்ளேயிருந்தோ எடுத்தால் போதும். அப்புறம் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு ஆர்.டி.ஐ. மனு போட்டு, அந்த வண்டியின் அந்த நாள் லாக் புக் நகலைக் கேளுங்கள். அரசு வண்டி எங்கே, எதற்குப் போனது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அவசர அழைப்பு எதுவும் அதில் இல்லையென்றால், "டூட்டி" என்ற பதில் நிற்காது.

கேள்வி: சொந்த பைக்கில் "போலீஸ்" ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு சிக்னலை மதிக்காமல் போகிறார்களே?
(ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: ஸ்டிக்கருக்கு எந்தச் சட்டத்திலும் மரியாதை கிடையாது. 2024 மே மாதத்திலிருந்து சென்னையில் தனியார் வண்டிகளில் இப்படித் துறைப் பெயர் ஒட்டுவதற்கே நடவடிக்கை எடுப்பதாக போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. சொந்த வண்டியில் போகும் போலீஸ்காரர் உங்களையும் என்னையும் போல ஒரு ஓட்டுநர், அவ்வளவுதான்.

கேள்வி: என் அண்ணனை ரோந்து வண்டி இடித்துத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. "ஆஸ்பத்திரி செலவை நாங்க பார்த்துக்கறோம், கேஸ் வேண்டாம்" என்கிறார்கள். வண்டிக்கு இன்ஷூரன்சும் இல்லையாம். நாங்கள் என்ன செய்வது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: தம்பி, அந்தச் சமரசத்துக்குத் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். தொடை எலும்பு முறிவு இன்றைய பில்லோடு முடிவதில்லை. பிளேட், பிசியோதெரபி, மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாத வருமான இழப்பு, ஒருவேளை நிரந்தர ஊனம், இவை எல்லாவற்றுக்கும் உங்கள் அண்ணனுக்கு இழப்பீடு கேட்க உரிமை இருக்கிறது. வாய்வார்த்தையில் முடித்துக்கொண்டால் நாளைக்குக் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

முதலில் ஆஸ்பத்திரி. சேர்க்கும்போது டாக்டர் எழுதும் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) "பைக்கிலிருந்து விழுந்தார்" என்று எழுதியிருக்கிறார்களா, "போலீஸ் வாகனம் மோதி" என்று எழுதியிருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். இந்த ஒரு வரியில் கவிழ்ந்த கேஸ்கள் ஏராளம். தப்பாக இருந்தால் டூட்டி டாக்டரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அடுத்து, இடித்த இடத்தைச் சுற்றியுள்ள கடைகளின் கேமரா பதிவு. கொஞ்ச நாளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும், அதனால் கடைக்காரரிடம் பேசி உடனே நகல் வாங்குங்கள்.

பிறகு எஃப்.ஐ.ஆர். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள் 281 (அஜாக்கிரதையாக ஓட்டுவது), 125(பி) (கொடுங்காயம், 3 வருடம் வரை சிறை) இரண்டும் இதில் வரும். எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்தது என்பதற்கான ஒப்புகை) மட்டும் கொடுத்து அனுப்பினால் அதோடு விடாதீர்கள். எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், அதுவும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், பணியில் இருந்த அரசு ஊழியர் மீது விசாரணைக்கு உத்தரவிடும் முன் மேலதிகாரியின் அறிக்கையையும் அவர் தரப்பையும் மாஜிஸ்திரேட் பார்க்கச் சொல்லும் 175(4) என்ற பிரிவு இருக்கிறது, அதனால் கொஞ்சம் தாமதமாகலாம், மனம் தளர வேண்டாம். "அரசு அனுமதி இல்லாமல் கேஸ் போட முடியாது" என்றும் பயமுறுத்துவார்கள். அந்தப் பாதுகாப்பு, அரசால் மட்டுமே பதவியிலிருந்து நீக்கக்கூடிய அதிகாரிகளுக்கானது. வண்டி ஓட்டும் காவலருக்கு அது தானாக வந்துவிடாது.

அந்த வண்டியை ஒர்க்‌ஷாப்பில் தட்டி நிமிர்த்துவதற்கு முன் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்றும், விசாரணையை வேறு ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும் என்றும் அதே மனுவில் கேளுங்கள். சக ஊழியரின் தப்பைப் பக்கத்து நாற்காலிக்காரர் விசாரிப்பது நியாயமே இல்லை.

இன்ஷூரன்ஸ் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். வியாபாரத்துக்குப் பயன்படாத அரசு வண்டிகளுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவே விலக்கு கொடுத்திருக்கிறது. அதனால் உங்கள் பணம் போய்விடாது, கம்பெனிக்குப் பதிலாக அரசே தர வேண்டும், அவ்வளவுதான். 1962-லேயே உச்ச நீதிமன்றம் வித்யாவதி வழக்கில் இதைத் தீர்த்து வைத்துவிட்டது. உதய்ப்பூர் கலெக்டரின் ஜீப்பை ரிப்பேர் முடிந்து ஓட்டி வந்த அரசு டிரைவர், நடைபாதையில் போனவரை இடித்து அவர் இறந்துபோனார். ஓட்டுநரின் கவனக்குறைவுக்கு ராஜஸ்தான் அரசுதான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது.

மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஓட்டுநர், வண்டி யார் பொறுப்பில் இருக்கிறதோ அந்த அதிகாரி, அரசின் சார்பில் கலெக்டர் என்று எதிர்மனுதாரர்களைச் சேர்ப்பார்கள். கிரிமினல் கேஸில் அந்தக் காவலர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு அதனாலேயே விழுந்துவிடாது, இங்கே தேவைப்படும் நிரூபணத்தின் அளவு குறைவு.

கேள்வி: ஹெல்மெட் போடாதவனைத் துரத்திப் பிடிப்பது சரியா?
(ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: சரியில்லை ஐயா. 2018 மார்ச்சில் திருச்சி திருவெறும்பூர் பக்கம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சோதனையில் நிற்காத பைக்கை ஒரு இன்ஸ்பெக்டர் துரத்திப்போய் உதைத்தார், பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார். ஊரே சாலையில் இறங்கியது, இன்ஸ்பெக்டர் கைதானார். வண்டி எண்ணைக் குறித்து வீட்டுக்குச் சலான் அனுப்பியிருந்தால் அந்த உயிர் போயிருக்காது. ஹெல்மெட்டே உயிரைக் காக்கத்தான், அதற்காக ஒரு உயிரை எடுப்பதா?

இங்கிலாந்தில் போலீஸ் துரத்தலில் ஒருவர் இறந்தால், காவல்துறைக்கு வெளியே இருக்கும் சுயேச்சையான அமைப்புக்கு அந்த விஷயம் கட்டாயம் போகும். நம் நாட்டில் 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் மீதான புகார்களுக்கு ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டு, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்துக்குக் கலெக்டரையும் தலைவராக்கிக்கொண்டது. காவல்துறையை நடத்துகிறவரிடமே காவல்துறை மீது புகார் கொடு என்றால் மக்கள் எப்படி நம்புவார்கள்? அந்தத் தலைமையை மாற்ற வேண்டும், எந்தக் குற்றத்துக்குத் துரத்தலாம், எதற்குக் கூடாது என்ற விதியையும் எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு இதை எழுதுங்கள் ஐயா, நானும் எழுதுகிறேன்.