ஒலி அட்டையில் கைவைக்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கணினியின் ஒலி அட்டையில் ஆப்-ஆம்ப் (ஒலிச் சைகையைப் பெருக்கும் ஐசி), மின்தேக்கி, மின்வழங்கல் பகுதி ஆகியவற்றை மாற்றி ஒலியின் தரத்தை உயர்த்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் ஒலிச் சில்லைத் திருத்துவது எப்படி என்று கேட்டிருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். ஒரு சின்ன ஆதாயத்துக்காகக் கணினி முழுவதையும் பணயம் வைக்கும் அந்த வேலையை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

கேள்வி: ஐயா, என்னிடம் பழைய பிசிஐ ஒலி அட்டை ஒன்று இருக்கிறது. வெளியீட்டில் என்இ5532 ஆப்-ஆம்ப் உள்ளது. அதை எடுத்துவிட்டு எல்எம்4562 பொருத்தினால் இரைச்சல் குறையுமா?

பதில்: இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். என்இ5532 ஆப்-ஆம்பின் உள்ளீட்டு இரைச்சல் அடர்த்தி, அதிர்வெண் அகலத்தின் (ஹெர்ட்ஸில்) வர்க்கமூலத்துக்குச் சுமார் 5 நானோவோல்ட். எல்எம்4562-க்கு அது 2.7 நானோவோல்ட். காகிதத்தில் பார்த்தால் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. ஆனால் 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு 5 நானோவோல்ட் என்பது மொத்தமாக 0.7 மைக்ரோவோல்ட்தான். உங்கள் அட்டை 2 வோல்ட் வெளியிடுகிறது என்றால், ஆப்-ஆம்ப் தனியாகச் சேர்க்கும் இரைச்சல் அதைவிட 129 டெசிபெல் கீழே கிடக்கிறது. 16 பிட் ஒலிக்கோப்பின் கோட்பாட்டு எல்லையே 98 டெசிபெல்தான். போதாததற்கு, ஆப்-ஆம்பைச் சுற்றி 10 கிலோஓம் மின்தடை ஒன்று இருந்தால், அறை வெப்பத்தில் அந்த மின்தடையே சுமார் 13 நானோவோல்ட் இரைச்சலை உண்டாக்கிக்கொண்டிருக்கும். அதன் அருகில் 5 போய் 2.7 வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆகவே, சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் அளந்து பாருங்கள். அட்டையின் லைன்-அவுட்டிலிருந்து லைன்-இன்னுக்கு ஒரு நல்ல கேபிளைப் போட்டு, ரைட்மார்க் ஆடியோ அனலைசர் போன்ற மென்பொருளை ஓடவிட்டு, வந்த முடிவைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவீட்டில் உள்ளீட்டுப் பகுதியின் குறைகளும் சேர்ந்தே வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டில் எது மோசமோ அதுவே உங்கள் கண்ணில் படும். இரைச்சல் மட்டம் முழு ஒலியைவிட 85 அல்லது 90 டெசிபெல் கீழேயே நின்றுவிட்டால், குற்றவாளி ஆப்-ஆம்ப் அல்ல. அநேகமாக அது மின்வழங்கல்தான். தாய்ப்பலகையில் அட்டையைச் செருகும் பிசிஐ இடத்தில் கிடைக்கும் நேர் 12, எதிர் 12 வோல்ட்டுகள் கணினியின் மின்விசிறியும் வட்டும் பங்கு போட்டுக்கொள்ளும் மின்வழங்கியிலிருந்து வருபவை. அதற்குப் பின் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் இடத்தில் எதிர் 12 வோல்ட் கிடையவே கிடையாது. அட்டையே ஒரு சுவிட்சிங் மாற்றியை வைத்து அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அட்டையில் 78எல்05 போன்ற மூன்று கால் மின்னழுத்தச் சீராக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பக்கத்தில் உச்சி உப்பியோ அடியில் பழுப்புக் கறையோடோ ஒரு மின்தேக்கி நின்றால், முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

கேள்வி: மின்தேக்கிகளை மாற்றினால் ஒலி மாறும் என்கிறார்களே, எவற்றை மாற்ற வேண்டும்?

பதில்: இது நல்ல கேள்வி, விரிவாகச் சொல்கிறேன். அட்டையில் மின்தேக்கிகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. சில மின்வழங்கலைச் சீராக்குகின்றன. சில ஒலியின் பாதையிலேயே நின்று மாறாத டிசி மின்னழுத்தத்தைத் தடுத்து, ஒலியை மட்டும் வெளியே விடுகின்றன. இரண்டாம் வகையில், மின்தேக்கியும் அதை அடுத்து வரும் மின்தடையும் சேர்ந்து தாழ்ந்த சுருதிகளை வெட்டும் ஒரு வடிகட்டியாக அமைந்துவிடுகின்றன. 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 10 கிலோஓம் உள்ளீடுள்ள ஆம்ப்ளிஃபயரோடு இணைந்தால் வெட்டுமிடம் 1.6 ஹெர்ட்ஸ், காதுக்கு எட்டாத தூரம், கவலையே வேண்டாம். அதே அட்டையில் 100 மைக்ரோஃபாரட் வழியாக 32 ஓம் ஹெட்போனைச் செருகினால் வெட்டுமிடம் 50 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பி நாதமும் பேஸ் கிதாரின் அடித்தளமும் மெலிந்து கேட்பதற்கு இதுவே காரணம். அங்கே 220 போட்டால் 23 ஹெர்ட்ஸ், 470 போட்டால் 11 ஹெர்ட்ஸ் என்று இறங்கும். இந்தப் பொழுதுபோக்கில் காதுக்கு உறுதியாகத் தெரியும் மாற்றங்கள் மிகச் சில; அவற்றுள் இது ஒன்று. மதிப்பு போதுமான அளவு பெரிதாக இருந்தால் மின்தேக்கியின் இரு முனைகளுக்கிடையே ஒலி மின்னழுத்தம் ஏறக்குறைய எழுவதே இல்லை; ஆகவே அது சேர்க்கும் சிதைவும் மறைந்துவிடும். விலையுயர்ந்த தயாரிப்பு என்பதைவிட, உரிய மதிப்பும் உரிய வோல்ட் அளவும் புதிய சரக்கும்தான் முக்கியம்.

ஓர் எச்சரிக்கை. அலுமினிய மின்தேக்கியின் உடம்பில் போடப்பட்டிருக்கும் பட்டை எதிர்முனையைக் குறிக்கும். டான்டலம் மின்தேக்கியில் போடப்பட்டிருக்கும் பட்டை நேர்முனையைக் குறிக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போடுபவர்கள் பட்டைக்குப் பட்டை பொருத்தி வைத்தால், மின்சாரம் ஏறியவுடன் டான்டலம் புகைந்து பற்றிக்கொள்ளும். அட்டையில் அச்சிட்டிருக்கும் நேர்க்குறியைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் பழையதைக் கழற்றுவதற்கு முன் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த ஆப்-ஆம்ப் சிறந்தது?

பதில்: எந்தச் சுற்றில், எந்த மின்னழுத்தத்தில், எதை ஓட்டுவதற்கு என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஐயா, எல்எம்4562 மாற்றிய பிறகு ஐசி தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது. ஒலி கரகரக்கிறது. ஐசி போலியா?

பதில்: போலியாகவும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகிப்பது அலைவை. என்இ5532-இன் பட்டை அகலம் 10 மெகாஹெர்ட்ஸ். எல்எம்4562-இன் பட்டை அகலம் 55 மெகாஹெர்ட்ஸ். நிதானமான ஐசியை மனத்தில் வைத்துப் பாதை போட்ட பலகையில் வேகமான ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால், அது நமக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் தானாகவே ஊசலாடத் தொடங்கிவிடும். காதில் விழுவது அதன் பக்கவிளைவு மட்டுமே. இரட்டை ஆப்-ஆம்பின் 8-ஆம் கால் நேர்மின்னழுத்தம், 4-ஆம் கால் எதிர்மின்னழுத்தம். இவை ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்றைப் பலகையின் அடிப்பக்கத்தில், கால்களை ஒட்டக் கத்தரித்து, சால்டர் செய்யுங்கள். ஒரு விரல் நீளத்துக்குக் கம்பி விட்டால் பயனில்லை. அதற்கு முன் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, பாட்டு எதுவும் ஓடாத நிலையில் 1-ஆம் காலிலும் 7-ஆம் காலிலும் என்ன இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். நேர், எதிர் என இரட்டை மின்வழங்கல் உள்ள அட்டையானால் சில மில்லிவோல்ட்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. நூற்றுக்கணக்கில் காட்டினால் ஹெட்போனைச் செருகாதீர்கள். ஒற்றை மின்வழங்கலானால் அங்கே பாதி மின்னழுத்தம் நிற்பது இயல்பு. அலைவு நிற்கவில்லையென்றால் பழைய ஐசியையே திரும்பப் பொருத்திவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் கிர்ரென்று சத்தம் வருகிறது. எந்த ஆப்-ஆம்ப் போட்டால் நிற்கும்?

பதில்: எதைப் போட்டாலும் நிற்காது. ஹெட்போனில் வராமல், தனி மின்சாரத்தில் ஓடும் ஸ்பீக்கரில் மட்டும் வருகிறது என்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் வளையமாகி இரைச்சலைச் சுமப்பது. கணினிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே லைன் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள், அல்லது ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்கள். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் சத்தம் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சத்தம் நிற்கும், ஒரு நாள் கணினியின் பெட்டியைத் தொடுபவரின் மூச்சும் நின்றுபோகலாம்.

கேள்வி: அளவு, அளவு என்றே பேசுகிறீர்கள். நான் ஓபிஏ2134 ஆப்-ஆம்ப் பொருத்தியபோது வீணையின் கமகங்கள் அப்படியே கண்முன் வந்து நின்றன. காது கேட்பதை மீட்டர் அறியுமா?

பதில்: உங்கள் அனுபவம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் காரணம் ஐசிதானா என்று மட்டுமே கேட்கிறேன். மாற்றுவதற்குக் கணினியை நிறுத்தி, அட்டையைக் கழற்றி, ஐசியைச் செருகி, மீண்டும் இயக்கிக் கேட்பதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடுகிறது. ஒலியின் நுட்பமான சாயலை மனம் அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருப்பதில்லை. அத்துடன் ஒலியளவு மிகச் சிறிது கூடியிருந்தாலும் காது அதைச் சத்தம் என்று உணராது, தெளிவு என்றே உணரும். ஒப்பிடுவதானால் இரண்டு அளவுகளும் 0.1 டெசிபெல்லுக்குள் சமமாக இருக்க வேண்டும். எது ஓடுகிறது என்பது கேட்பவருக்குத் தெரியக் கூடாது.

கேள்வி (அதே அன்பர்): இரண்டையும் பதிவு செய்து ஒப்பிடச் சொல்வீர்கள். பதிவு செய்யும் லைன்-இன்னிலும் ஓர் ஆப்-ஆம்ப் இருக்கிறதே! வித்தியாசம் அங்கேயே அழிந்துவிடாதா?

பதில்: இது நேர்மையான ஆட்சேபம். ஆகவே பதிவே வேண்டாம். ஒரே மாதிரியான இரண்டு அட்டைகளை எடுங்கள். ஒன்றில் பழைய ஐசி, மற்றதில் புதியது. வெளியீடுகளை ஒரு சுவிட்சுக்குக் கொண்டுவந்து, உங்களுக்குத் தெரியாமல் வேறொருவரைக் கொண்டு மாற்றச் சொல்லுங்கள். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், அது குருட்டாம்போக்கில் நடந்திருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அப்போது நானே உங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறேன்.

கேள்வி (மீண்டும் அவரே): சுவிட்சின் தொடர்பு முனைகளே ஒலியைக் கெடுக்கும். மேலும் புது ஐசி 100 மணி நேரம் ஓடிப் பழகிய பிறகுதான் அதன் உண்மைக் குணம் தெரியும்.

பதில்: லைன்-இன்னை எதிர்த்த வாதத்தில் நியாயம் இருந்தது, ஏற்றுக்கொண்டேன். சுவிட்சை எதிர்ப்பதில் அது இல்லை. ஏனென்றால் இரண்டு அட்டைகளின் ஒலியும் அதே சுவிட்ச் வழியாகத்தான் வருகிறது, கெடுத்தால் இரண்டையும் ஒன்றுபோலவே கெடுக்கும். பழக்குவது பற்றி ஒரு பாதி உண்மை உண்டு. நீண்ட நாள் கிடப்பில் இருந்த அலுமினிய மின்தேக்கிக்குள் ஆக்சைடு படலம் தேய்ந்திருக்கும். மின்னழுத்தம் கொடுத்தவுடன் அது மறுபடி வளர்ந்து கசிவு குறையும். ஆனால் அது மின்தேக்கியின் சங்கதி, ஐசியின் சங்கதி அல்ல. 100 மணி நேரத்தில் உறுதியாகப் பழகிப்போவது கேட்பவரின் காது.

கேள்வி (இன்னொருவர்): நீங்கள் இருவரும் சண்டையை முடித்துக்கொண்டால் நாங்களும் கேட்போம். பழைய ஐசியைப் பலகை கெடாமல் எப்படிக் கழற்றுவது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஐசியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், பலகையைக் காப்பாற்றுங்கள். பெரும்பாலான சேதம், எட்டுக் கால்களையும் ஒரே நேரத்தில் இளக்கி ஐசியை நெம்பி எடுக்கப் பார்க்கும்போது நேர்கிறது. துளைக்குள் இருக்கும் தாமிர உறை காலோடு சேர்ந்து வந்துவிடும். மெல்லிய கட்டரால் கால்களை ஐசியின் உடம்பை ஒட்டி ஒவ்வொன்றாக வெட்டி, உடம்பை அகற்றுங்கள். பிறகு ஒவ்வொரு காலையும் ட்வீசரால் பிடித்தபடி அடியிலிருந்து சூடேற்றினால் தானாக வழுக்கி வரும். ஈயமில்லாத சால்டர் சுமார் 217 டிகிரி செல்சியஸில் இளகும். அதன்மேல் 183 டிகிரியில் இளகும் பழைய ஈயச் சால்டரைச் சிறிது சேர்த்தால் வேலை எளிதாகும். கிரவுண்டோடு இணைந்த கால் மட்டும் பிடிவாதம் பிடிக்கும். பலகையின் தாமிரப் பரப்பு வெப்பத்தை உறிஞ்சிவிடுவதே காரணம். அழுத்தாதீர்கள், நுனி தடித்த பிட் போடுங்கள். காலியான துளைகளில் ஐசியை நேரடியாக வைக்காமல் எட்டுக் கால் சாக்கெட் ஒன்றைப் பொருத்துங்கள், அதன் பள்ளக் குறி பலகையில் வரைந்திருக்கும் பள்ளத்தின் பக்கமே இருக்க வேண்டும்.

கேள்வி: அட்டையின் கிரிஸ்டலை மாற்றி உயர்தரக் கடிகாரம் பொருத்தலாமா?

பதில்: அட்டையில் பெரும்பாலும் 24.576 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும். 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தின் 512 மடங்கு அது. தனிப் பலகையில் கடிகாரத்தை வைத்து நீளமான கம்பியால் கொண்டுவந்தால், இருந்த நிலையைவிட மோசமாகும் வாய்ப்பே அதிகம். வேண்டாம்.

கேள்வி: ஐயா, சிறந்த ஆப்-ஆம்ப் எது என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது.

கேள்வி: என் ஆம்ப்ளிஃபயரில் ஒரு பக்கம் ஒலி வரவில்லை.

பதில்: ஆம்ப்ளிஃபயர் பழுது இங்கே பேசும் பொருள் அல்ல. ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் வலது, இடது கேபிள்களை மாற்றிச் செருகிப் பாருங்கள். குறை பக்கம் மாறினால் ஆம்ப்ளிஃபயரில் பழுதில்லை. மாறாவிட்டால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: நேர் 12, எதிர் 12 வோல்ட் உள்ள என் அட்டைக்கு ஓபிஏ2350 வாங்கியிருக்கிறேன். சாக்கெட்டில் செருகிவிட்டேன், இன்னும் கணினியை இயக்கவில்லை. இயக்கலாமா?

பதில்: இயக்காதீர்கள்! மின்சார இணைப்பைத் துண்டித்துவிட்டு அதை இப்போதே வெளியே எடுங்கள். ஓபிஏ2350 மொத்தம் 5.5 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. கணினியை இயக்கினால் உங்கள் சாக்கெட்டில் 4-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் இடையே 24 வோல்ட் நிற்கும். கால் அமைப்பு ஒன்றாக இருப்பதால் கச்சிதமாகப் பொருந்தும், மின்சாரம் ஏறிய நொடியில் எரியும். ஐசியை எடுத்தபின் கணினியை இயக்கி, வெறும் சாக்கெட்டில் அந்த இரண்டு கால்களையும் மல்டிமீட்டரால் அளந்து, கிடைத்த எண்ணைத் தரவுத்தாளோடு ஒப்பிடுங்கள். ஓபிஏ2134-ஐ நேர் 18, எதிர் 18 வோல்ட் வரையிலும், எல்எம்4562-ஐ நேர் 17, எதிர் 17 வோல்ட் வரையிலும் இயக்கலாம். வாங்கிய கடை திரும்பப் பெற்றுக்கொண்டால் அவற்றில் ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள்.