துள்ளும் படிகங்கள்

கேள்வி: திருஷ்டி கழித்த உப்பை அடுப்பில் போட்டால் படபடவென்று வெடிக்கிறது. சூடு பட்டால் துள்ளிக் குதிக்கும் படிகங்கள் இருப்பதாக என் மகள் சொல்கிறாள். இரண்டும் ஒன்றுதானா? வீட்டில் செய்து பார்க்கலாமா?
– தேனி வாசகி ஒருவர்

பதில்: இரண்டும் வேறு வேறு அம்மா. கல்லுப்புக்குள் சிக்கியிருக்கும் நீர் ஆவியாகி, வழி கிடைக்காமல் கல்லையே உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. உங்கள் மகள் சொல்லும் படிகங்களைத் துள்ள வைப்பது நீரும் அல்ல, ஆவியும் அல்ல. உள்ளிருந்து எதையும் இழக்காமலேயே குதிக்கின்றன. எத்தனை வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

ஆக்ஸிட்ரோபியம் புரோமைடு என்று ஒரு மருந்து. மூச்சுக்குழாய் விரிவதற்காக, மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்தாகக் கொடுத்தார்கள். அதன் படிகம் ஒன்றைச் சூடேற்றும் தட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், சுமார் 45 டிகிரி செல்சியஸ் வரை சும்மா கிடக்கும். அப்புறம் சட்டென்று ஆளே காணோம்! தன் நீளத்தைப் போலப் பல மடங்கு தூரம் தள்ளிப் போய் விழுந்திருக்கும்.

படிகத்தில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி நிற்கின்றன. அந்தச் சூட்டில் அவை வேறோர் அடுக்குக்கு மாறுகின்றன. ஒரு திசையில் அடுக்கு 11% நீள்கிறது, இன்னொரு திசையில் 7% சுருங்குகிறது. இது எவ்வளவு பெரிய மாற்றம் தெரியுமா? இரும்பை நூறு டிகிரி சூடாக்கினாலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் நீளும். இத்தனை இழுபறியைப் படிகம் கொஞ்ச நேரம் தாங்குகிறது. தாங்க முடியாத கட்டத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே வீச்சில் மாறிவிடுகிறது. அந்த உதைதான் துள்ளல். சில உடைந்து சிதறும். முழுசாகவே விழுபவையும் உண்டு.

சில படிகங்கள் குளிர்ந்தாலும் துள்ளும். பைரோகுளுட்டாமிக் அமிலம் என்ற இன்னொரு சேர்மத்தின் படிகம் 65 டிகிரியைத் தாண்டும்போது ஒருமுறை குதிக்கும். ஆறவிட்டால், 55 டிகிரி வாக்கில் பழைய அடுக்குக்குத் திரும்பும்போது மறுபடி குதிக்கும்.

1983-இலேயே மார்கரெட் எட்டர், சீட்ல் என்ற அமெரிக்க வேதியியலாளர்கள் பல்லேடியம் என்ற உலோகத்தின் சேர்மம் ஒன்றில் இதைப் பார்த்து எழுதினார்கள். பிற்பாடு அபுதாபியில் பான்சே நௌமோவ் என்ற வேதியியலாளரின் குழு இதை விரிவாக ஆராய்ந்தது.

வீட்டில் வேண்டாம். இந்தச் சேர்மங்கள் அடுப்படிக்கு உரியவை அல்ல. பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் சூடேற்றும் தட்டு பொருத்திய நுண்ணோக்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.